கேட்காமல் திறந்த ரவுட்டர்

"டீச்சர், நாற்பது எழுத்துல பாஸ்வேர்டு வெச்சேன். அப்பவும் உள்ள வந்துட்டான்."

ஞானப்பிரகாசம் படியேறி வந்த மூச்சோடு சொன்னார். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. நாகூரில் ரவுட்டர் பழுது பார்க்கும் மெகருன்னிசாவிடம் நான்கு மாதமாகத் தொழில் படிக்கிறார். ஆசிரியைக்கு முப்பத்தைந்து. இதில் அவர்கள் இருவருக்கும் சங்கடம் ஏதுமில்லை, பார்க்கிறவர்களுக்குத்தான்.

"எங்க வந்தான் சார்?"

"பிலோமினா ரூம்ல இருக்கிற கேமராவுல. நேத்து மத்தியானம் இங்க உக்காந்து போன்ல பாக்குறேன், அது தானா திரும்புது. நான் திருப்பல."

பிலோமினா அவருடைய மனைவி. பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது, வலது பக்கம் அசையாது. வகுப்புக்கு வந்திருக்கும் நேரத்தில் ஒரு கண் வைத்துக்கொள்ளத்தான் கட்டிலுக்கு எதிரே கேமரா மாட்டியிருந்தார். யாரோ முகம் தெரியாதவன் அவரைப் பார்த்திருக்கிறான் என்று தெரிந்ததிலிருந்து இந்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"பாஸ்வேர்டு மாத்தினீங்களா?"

"வெள்ளிக்கு வெள்ளி மாத்துறேன் டீச்சர். ராகு காலம் முடிஞ்ச கையோட."

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனாலும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்தால் ராகு காலம் யாருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

மெகருன்னிசா சிரிக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்தார்.

"இங்கேருந்தே உங்க வீட்டு ரவுட்டருக்குள்ள போய்ப் பாக்கட்டுமா?"

"தாராளமா. பாஸ்வேர்டு சொல்றேன், அடிங்க."

ஞானப்பிரகாசம் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படிக்கத் தொடங்கினார். ஏழாவது எழுத்தில் இருந்தபோது மெகருன்னிசா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

ரவுட்டர் திறந்து கிடந்தது.

"இன்னும் முப்பத்து மூணு இருக்கே டீச்சர்?"

"அது கேக்கவே இல்ல சார்."

அவர் காகிதத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இந்த மாடல்ல ஒரு ஓட்டை. வேற பக்கமா போனா பாஸ்வேர்டு கேக்காமலே விட்டுடும். கம்பெனி போன வருஷமே அதுக்கு அப்டேட் விட்டாச்சு. போடவான்னு உங்களைக் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. நல்லா ஓடுறதை எதுக்கு நோண்டணும்னு, ‘பிறகு’ன்னு அமுக்கிட்டேன்."

"எத்தனை தடவை?"

"கேக்குறப்பல்லாம்."

"வெளியிலேருந்து ரவுட்டரைத் திறக்குற வசதிய ஆன் பண்ணது யாரு?"

"நான்தான். வெள்ளிக்கிழமை இங்கேருந்தே பாஸ்வேர்டு மாத்தலாம்னு."

மெகருன்னிசா அப்டேட்டை ஓடவிட்டார். முடிந்ததும் மறுபடி அதே வழியில் போனார். இந்த முறை பாஸ்வேர்டு கேட்டது. ஞானப்பிரகாசம் நாற்பது எழுத்தையும் தன் கையாலேயே அடித்து உள்ளே போய், வெளியிலிருந்து திறக்கும் வசதியை அணைத்தார். அதன்பின் இங்கிருந்து போனால் ரவுட்டரின் பக்கமே திறக்கவில்லை.

"வீட்டுக்குப் போனதும் ரவுட்டருக்கும் கேமராவுக்கும் வேற வேற பாஸ்வேர்டு போடுங்க. நேரம் பாக்க வேணாம்."

அவர் தலையாட்டினார். கண் கலங்கிவிட்டது.

"பாவம் டீச்சர் அவ. வாயைத் திறந்து கத்தக்கூட முடியாது. இடது கையால போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்குவா, அவ்வளவுதான்."

"நேத்து மூடிக்கிட்டாங்களா?"

"தினமும் மூடிக்குவா. வெளிச்சம் கூசுதுபோலன்னு விட்டுட்டேன்."

"எப்பலேருந்து?"

"கேமரா மாட்டின அன்னைலேருந்து."

"அவன் எப்பலேருந்து வர்றான் சார்?"

"யாரு எப்ப உள்ள வந்தாங்கன்னு கேமராவோட லாக்ல பதிவாகியிருக்கு, பாத்தேன். நேத்து ஒரு நாள்தான். அதுக்கு முன்னாடி உள்ள வந்ததெல்லாம் நான்…"



 மெகருன்னிசா மேஜையிலிருந்த தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார். அது ஆறி ஆடை படியும் வரை அவர் தொடவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாசத்தில்தான் மாட்டினார், அதில் சந்தேகமே இல்லை.

மறுநாள் வந்தபோது கேமராவைக் கழற்றிக் கையில் கொண்டுவந்திருந்தார். அதை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"கேட்டேன் டீச்சர்."

"என்ன சொன்னாங்க?"

"இதைக் காட்டி, வேணாம்னு கையாட்டினா. அப்புறம் கட்டில் பக்கத்துல இருக்கிற நாற்காலியக் காட்டினா. தங்கச்சிய உக்கார வெச்சுட்டு ஓடியாந்தேன்."

"அப்போ வகுப்பு?"

ஞானப்பிரகாசம் வாசல் வரை போய்விட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."