மாதிரி ஊரில் இறங்கிய தண்ணீர்

அடுத்த இருபது ஆண்டுத் திட்டத்துக்காகப் பேரூராட்சி மன்றத்தில் ஊரின் மாதிரியை வைத்திருந்தார்கள். மேடு பள்ளமெல்லாம் பிசகாமல் சிமெண்டில் செய்தது. வறண்ட ஏரிக்குள் மட்டும் புதிதாகத் தெர்மாகோல் வீடுகள்.

"அங்க வீடு கட்டினா மழைத்தண்ணி எங்க தெருவுக்குள்ள வந்துடுங்கய்யா," என்றாள் அலுவலகத்தைப் பெருக்கும் பூவாயி.

தலைவர் வரதப்பன் சிரித்தார். "பத்து வருஷமா காஞ்சு கெடக்கு. அது ஏரின்னா இப்பவே தண்ணியக் காட்டு, பார்ப்போம்."

பூவாயி குடிதண்ணீர்க் குடத்தை எடுத்து, மாதிரி மலையின் மேல் மெல்லச் சாய்த்தாள். நீர் யாரிடமும் வழி கேட்காமல் இறங்கியது. ஏரி நிறைந்தது. வெள்ளை வீடுகள் ஒவ்வொன்றாக எழும்பி, கொக்குகளைப் போல மிதந்தன. மன்ற உறுப்பினர்கள் எழுந்து வந்து மாதிரியைச் சுற்றி நின்றார்கள்.

"மொதல்ல இதைத் துடை," என்றார் தலைவர்.

"துடைக்கிறேங்கய்யா. வீடுகளத் திரும்பவும் ஏரியிலயே வைக்கட்டுங்களா?"

வை என்று ஒருவரும் சொல்லவில்லை.