செண்பகத்தின் வாசலில் கோலம் இல்லை

கண்ணை மூடிக்கோ. கை ரெண்டும் போர்வைக்குள்ள இருக்கணும். நான் நிறுத்துற இடத்துல நீ "ம்" சொல்லணும். சொல்லாட்டா நீ தூங்கிட்டேன்னு விளக்கை அணைச்சிடுவேன். சரியா?

கார்த்திகை மாசம், மழை விட்டு விட்டுப் பெய்யுற காலம். கோழி கூவியாச்சு, கிழக்கு இன்னும் வெளுக்கலை. அந்த நேரத்துல, ஒரு ஊர்ல ஒரு கடலோரத் தெரு, அந்தத் தெருவுல செண்பகம்னு ஒருத்தி, பாயில முழிச்சுக்கிட்டே படுத்திருந்தா.

அவ அந்த ஊருக்குப் புதுசு. கல்யாணமாகி வந்தவ. புருஷன் சுடலைமுத்து, உப்பு ஏத்திக்கிட்டு அக்கரைக்குப் போற தோணியில சமையல்காரன். "தீபாவளிக்கு வந்துடுவேன், முறுக்கு எடுத்து வை"ன்னு சொல்லிட்டுப் போனான். தீபாவளி வந்துது. தோணி வரலை. எடுத்து வச்ச முறுக்கு நமுத்துப் போச்சு. ம்?

அப்புறம் செண்பகம் என்ன செஞ்சா? ஒண்ணும் செய்யலை. அதுதான் கதையே. தலை வாரலை. அடுப்பு மூட்டலை. பழைய சோத்தை நின்னுக்கிட்டே தின்னா. "மழை அழிச்சிடும், அவரும் இல்லை, யாரு பாக்கப் போறா?"ன்னு கோலம் போடுறதையும் விட்டா.

அப்போ தெரு மாறிப் போச்சு. "கீரேய்... கீரை!"ன்னு ஊரையே எழுப்புற பேச்சி, இவ வீட்டுக்கு நேரா வந்ததும் வாயை மூடிக்கிட்டுப் போனா. எதிர்வீட்டு மரகத மதினி, கிணத்தடியில இவளைக் கண்டா குடத்தைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு நடந்தா. செண்பகம் தனக்குள்ள நெனச்சா, 'தோணிக்கு என்னமோ ஆயிடுச்சு. ஊருக்கே தெரியும். என்கிட்ட மட்டும் மறைக்குறாங்க.' போய்க் கேக்கலாம். ஆனா, கேட்டா சொல்லிடுவாங்களே! அதனால கதவை இன்னும் இறுக்கிச் சாத்திக்கிட்டா.

அவ பச்சரிசி மாவுல கோலம் போடுறவ. அதைக் கொத்தித் தின்னு பழகின சிட்டுக்குருவி ஒண்ணு இருந்துது. வாசல்ல மாவு இல்லேன்னதும், அன்னிக்கு விடியுற நேரத்துல ஜன்னல் கட்டையில வந்து உக்காந்து, டொக் டொக் டொக்!

"போ! ராத்திரி நான் கண்ணே மூடலை"ன்னு செண்பகம் புரண்டு படுத்தா.

மறுநாளும் டொக் டொக் டொக்! எழுந்தா. முகத்துல தண்ணியை அடிச்சா, சளக் சளக். கதவு வரைக்கும் போனா. மழை சோன்னு கொட்டுது. திரும்பி வந்து படுத்துட்டா. ஆனா முகம் கழுவினாளா, இல்லையா? கழுவினா. அதை மறக்காதே. ம்?

மூணாம் நாளும் டொக் டொக் டொக்!

"சனியனே! உனக்குப் பசிச்சா அதுக்கு நானா பொறுப்பு?" திட்டிக்கிட்டே எழுந்தா. முகம் கழுவினா, தலையை வாரி முடிஞ்சா. வாசலைக் கூட்டினா, சரக் சரக். இறவாரத்துக்குக் கீழ, மழை படாத இடத்துல ஒரு பிடி மாவை வச்சா. குருவி விர்ருன்னு வந்துது. விரல்ல கொஞ்சம் மாவு மிச்சம். அதை என்ன செய்யறது? ஒரு புள்ளி வச்சா. ஒத்தைப் புள்ளி தனியா நின்னா பாக்கவே பாவமா இருக்கும். அதுக்குத் துணையா இன்னொண்ணு வச்சா. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் சுத்தி ஒரு இழை.

அப்போ பேச்சி வந்தா. வந்தவ அப்படியே நின்னா.

"ஏ மரகதம்! ஓடியா! செண்பகம் கோலம் போட்டிருக்கா!"

மரகதம் ஈரக்கையோட ஓடி வந்தா. "ஏட்டி, தம்பி சுடலைமுத்து வந்துட்டானா?"

"வரலையே மதினி. உங்களுக்கு என்னமோ தெரியும்னுல்ல நான் நெனச்சேன்!"

"எங்களுக்கு என்ன தெரியும்?"ன்னா பேச்சி. " உனக்குத்தான் கெட்ட சேதி வந்துட்டுதுன்னு நாங்க நெனச்சோம். வாசல் வெறிச்சோடிக் கெடந்தா வேற என்னத்தை நெனைக்க? துக்க வீட்டுல நின்னு கீரை கீரைன்னு கூவ முடியுமா?"

"வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"அவச்சொல்லை நாங்க வாயால கேட்டு, அது பலிச்சிட்டா?"ன்னா மரகதம்.

பேச்சி கூடையை இறக்கி வச்சா. "ஆக, ஒருத்திக்கும் ஒண்ணும் தெரியாது. மூணு பேரும் சேர்ந்து ஒரு நல்ல மனுஷனைக் கொன்னு போட்டோமே, சண்டாளிங்க!"

செண்பகம் சிரிச்சா. பாதியில அது அழுகையாச்சு. மரகதம் முந்தானையால துடைச்சு விட்டா. ம்?

தோணி வந்துதான்னு கேக்குறியா? அன்னிக்கு வரலை. ராத்திரி பாயில ஒரு பக்கம் காலியாத்தான் கிடந்துது. ஆனா விடிஞ்சதும் முகம் கழுவினா, தலை வாரினா, கோலம் போட்டா. சூடா கஞ்சி வச்சு, உக்காந்து குடிச்சா. சாயங்காலம் மரகதத்தோட ரெண்டு வார்த்தை பேசினா. பயம் போகலை. ஒரு ஓரமா உக்காந்துக்கிச்சு, அவ்வளவுதான்.

தை மாசம் காத்து திரும்பினதும், அதுவரைக்கும் எதிர்க்காத்துல அக்கரையிலயே நின்ன தோணி கரை சேந்துச்சு. அத்தனை நாளும் கைநீட்டிக் காசு வாங்காம செண்பகத்துக்குக் கீரை போட்ட பேச்சிக்கு, சுடலைமுத்து அன்னிக்கே ஒரு அக்கரைச் சேலை குடுத்தான். மரகதத்துக்கு மறுநாள் ஒரு பொட்டலம் ஏலக்காய். குருவிக்குத் தினமும் மாவுல முதல் பிடி. தீபாவளிக்கு வராத குத்தத்துக்கு அவனே அபராதம் கட்டினான். அந்த நமுத்த முறுக்கு அத்தனையும், வாசல்ல உக்காந்து, மூணு பேரும் பாக்கப் பாக்கத் தின்னான். கடக்குன்னு ஒரு சத்தம் வரலை.

ம்?

சரி. உன் "ம்" தூங்கிடுச்சு, கதையும் தூங்கிடுச்சு. விளக்கை அணைக்கிறேன்.