‘வீ’ என்றால் யார்?

ஏமாற்றப்பட்டவள் ரெஜினா. ஏமாற்றிய விதம் இது: வெடிக்காத டைலைக் கண்டுபிடித்தவள் அவள், கோடைகால ஆராய்ச்சிக்குப் போகப்போகிறவன் ஆதி.

அவளிடம் நேரில் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மத்தியானம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் துறைத் தலைவர் ஆதிக்கு வாழ்த்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே வகுப்பே கைதட்டிக்கொண்டிருந்தது. ரெஜினா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஆய்வகத்துக்கு நடந்தாள்.

கோடைகால ஆராய்ச்சிக்கான அந்த உதவித்தொகை மூன்றாம் ஆண்டில் படிப்பவர்களுக்கு மட்டும். இந்த வருடம் விட்டால் விட்டதுதான். கிடைத்தால் இரண்டு மாதம் வெளியூரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்யலாம். டைலுக்குள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் கருவி அங்கேதான் இருந்தது. ரெஜினாவுக்கு வேண்டியது அந்தக் கருவி.

உப்பளத்தில் உப்பு வாரியபின் மிஞ்சுகிற கசப்பு நீரில் மக்னீசியப் பொடியைக் குழைத்துத் தரை டைல் வார்ப்பது ரெஜினாவும் ஆதியும் சேர்ந்து செய்த ஆய்வு. வார்த்ததெல்லாம் வெடித்தது. சிவில் படிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, சிமெண்ட் மாதிரி எதைக் கண்டாலும் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். இவர்களும் ஊற்றினார்கள். வெடிக்க வெடிக்க இன்னும் ஊற்றினார்கள். ரெஜினாதான் ஒருநாள் குவளையைப் பிடுங்கி வைத்தாள். அதற்குப் பிறகு வார்த்த டைல் ஒன்றும் வெடிக்கவில்லை. ஏன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. தெரியாமல் தூக்கம் வரவில்லை.

துறைத் தலைவர் யாரை முடிவு செய்தாலும், இணையதளத்தில் ஒப்புதல் தர வேண்டியவர் வழிகாட்டிதான்; அவரும் ஒரு மாணவரின் விண்ணப்பத்துக்குத்தான் தரலாம். ரெஜினாவுடையது, ஆதியுடையது, இரண்டும் அவர்களுடைய வழிகாட்டி மங்கையர்க்கரசி மேடத்தின் கணினியில் காத்திருந்தன. ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும்.

மேடம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சார் முடிவு பண்ணப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க மேம்?”

“இருந்தேன்.”

“ஏன் பேசல?”

“உட்காரு ரெஜினா.”

“நான் உட்கார வரல. சார் என்ன காரணம் சொன்னாரு?”

“பொம்பளப் பிள்ளைய ரெண்டு மாசம் வெளியூருக்கு வீட்டுல விடமாட்டாங்க, இடம் வீணாப் போயிரும்னாரு.”

“எந்த வீட்டுல? சார் வீட்டுலயா?”

மேடம் மீண்டும் திரையைப் பார்த்தார்.

“எங்க வீட்டுல யாராவது கேட்டீங்களா? எங்கப்பா மீன்பிடிக்கத் தங்குகடலுக்குப் போனா பத்து நாள் கரைக்கு வரமாட்டாரு. ஆள் இல்லாம இருக்கிறது எங்கம்மாவுக்குப் புதுசு இல்ல மேம். வீட்டுல விடாதுன்னு சொல்ல இவரு யாரு? அதைக் கேட்டுட்டுச் சும்மா இருக்க நீங்க யாரு?”

கடைசிக் கேள்வி வாயைவிட்டு வெளியே வந்தபிறகுதான் அவளுக்கே காது சுட்டது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மேடம் போனை எடுத்து ஆதியை வரச் சொன்னார்.

அவன் கொண்டாட வாங்கிய ஒரு மக்ரூன் இனிப்புப் பெட்டியோடு வந்தான். ரெஜினாவைப் பார்த்ததும் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

“உன் விண்ணப்பத்தோட முதல் வரியைப் படி,” என்றார் மேடம்.

கசப்பு நீர் டைலுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று கண்டறிந்ததைச் சொல்லும் வரி அது. ‘வீ’ என்ற இங்கிலீஷ் சொல்லில் தொடங்கியது. ஆதி இங்கிலீஷில் கடகடவென்று படித்து முடித்தான்.

“அதையே தமிழ்ல சொல்லு. என்னைப் பார்த்து வேண்டாம். ரெஜினாவைப் பார்த்துச் சொல்லு.”

“என்ன மேம், தமிழ்ல வைவாவா?” என்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவன் ரெஜினா பக்கம் திரும்பினான்.

“நாங்க...”

நின்றுவிட்டான்.

“சொல்லுலே,” என்றாள் ரெஜினா. “நாங்கன்னா யாரு? நீயும் இன்னும் யாரோ. எதிர்ல நிக்கிற நான் இல்ல. அப்படித்தானே?”

“இல்ல... நாம...”

“நாமளா? ரொம்பச் சந்தோஷம். அப்ப உள்ள என் பேரு எங்க?”

“ஆறு மாசமா உப்பளத்துல இருந்து கேனைத் தூக்கிட்டு வந்தது யாரு? என் பைக் சீட்டைப் போய்ப் பாரு, உப்புப் பூத்துக் கிடக்கு,” என்றான் ஆதி.

“தூக்கினே. இல்லைன்னு சொல்லல. நான் ஊருக்குப் போனப்ப, பாவம் காயுதேன்னு ஒரு தட்டு டைலுக்கும் தண்ணி ஊத்தி வெடிக்க வச்சது யாரு? அதையும் சொல்லு.”

ஆதிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. அவன் பெட்டியின் நூலைப் பிய்த்துக்கொண்டே நின்றான்.

“நீ,” என்றான் கடைசியில். “நீதான் கண்டுபிடிச்சே.”

பிறகு மேடத்தைப் பார்த்து, “சார்தான் மேம் ‘வீ’ன்னு போடச் சொன்னாரு. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்கன்னாரு,” என்றான்.

ரெஜினாவுக்கு அத்தோடு ஆறவில்லை. உண்மையில் அவள் கேட்க வந்ததே இனிமேல்தான்.

“அவன் சொல்லிட்டான். இப்ப நீங்க சொல்லுங்க மேம். அந்த ‘வீ’ல நான் இல்ல. அவன் மட்டும்னா ‘வீ’ வராது. கீழே வழிகாட்டின்னு இருந்தது உங்க பேருதான். அவன்கூட அதுல இருந்தது நீங்களா?”

“ரெஜினா, மேம்கிட்டப் போய் இப்படியா பேசுறது?”

“நீ மக்ரூனைத் தின்னு.”

மேடம் மௌஸ் மேல் கை வைத்தார், சொடுக்கவில்லை. ஒப்பந்த ஆசிரியர் அவர். ஒவ்வொரு ஜூனிலும் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் இந்த நாற்காலி. அது ரெஜினாவுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் கேள்வியை விட்டு நகரவில்லை. மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

மேசை மேல் போன் அடித்தது. துறைத் தலைவர். மேடம் ஒலிபெருக்கியைப் போட்டார்.

“என்ன மேடம், இன்னும் ஒப்புதல் வரலியே?”

“பார்த்துட்டு இருக்கேன் சார்.”

“அந்தப் பொண்ணு அங்க வந்து கத்துதாமே. கண்டுக்காதீங்க. அதுக்கு அடுத்த வருஷம் வேற ஏதாவது பார்த்துக்கலாம். நமக்குள்ள எதுக்குச் சண்டை? நாமெல்லாம் ஒரு குடும்பம் மாதிரி. ஜூன்ல உங்க ஃபைலும் என் மேசைக்குத்தானே வரும்? நாமதான் ஒருத்தருக்கொருத்தர் அனுசரிச்சுப் போகணும்.”

அந்த ‘நாம’வில் மேடம் இருந்தார். ரெஜினா அவர் முகத்தையே பார்த்தாள்.

மேடம் போனை உள்ளங்கையால் பொத்தினார்.

“ரெண்டு மாசம். வெளியூர். போவியா?”

இதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. ரெஜினா ஆறு மாதமாக அதற்குப் பதில் வைத்திருந்தாள்.

“போவேன் மேம்.”

மேடம் ஆதியைப் பார்த்தார். அவன் பெட்டியை மெதுவாக மேசை மேல், ரெஜினா பக்கமாக வைத்தான்.

மௌஸ் ஒருமுறை சொடுக்கிய சத்தம் கேட்டது. திரை மேடத்தின் பக்கம் திரும்பியிருந்ததால் எந்தப் பெயர் மேல் என்று ரெஜினாவுக்குத் தெரியவில்லை.

“ஹலோ? மேடம்? லைன்ல இருக்கீங்களா? மணி ஆகுது. சொல்லுங்க, நாம இப்ப என்ன பண்ணப் போறோம்?”

மேடம் போனிலிருந்து கையை எடுத்தார்.

“நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு எனக்குத் தெரியாது சார். நாங்க ரெஜினா பேரை அனுப்பிட்டோம்.”