சுருளியப்பனின் பிஸ்டலுக்கு விலக்கு கேட்ட கதை

தேர்தல் தேதியை அறிவித்துவிட்டால் எங்கள் ஊரில் வேட்பாளர்களுக்கு முன்னால் அலைய ஆரம்பிப்பது நாங்கள்தான். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அதைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். மலையடிவார ஊர் என்பதால் எங்களில் பெரும்பாலோர் மேலே ஏலத்தோட்டத்தில் பன்றி விரட்டத் துப்பாக்கி வாங்கியவர்கள். என்னுடையது ஒற்றைக்குழல். அது வெடித்தால் பன்றி ஓடுகிறதோ இல்லையோ, நான் இரண்டடி பின்னால் போய் விழுவேன். அதைப் பிரிவதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

வருத்தமெல்லாம் சுருளியப்பனுக்குத்தான். ஏலக்காய் வியாபாரி. ஊரிலேயே பிஸ்டல் வைத்திருக்கிற ஒரே ஆள். மொத்தப் பிஸ்டலும் உள்ளங்கையில் அடங்கிவிடும், குழல் என் நடுவிரல் நீளம்கூட வராது. ஆனால் அதைப் பற்றி அவர் பேசுகிற பேச்சைக் கேட்டால் பீரங்கியைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறார் என்று நினைப்பீர்கள்.

இந்தத் தடவை அவர் பாடு உண்மையிலேயே திண்டாட்டம். அடுத்த வாரம் மகள் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா பட்டாளத்தில் இருந்து வந்தவர், மீசையும் ஆளுமாக மிரட்டலாக இருப்பார். நிச்சயதார்த்தத்தில் அவர் பட்டாளத்துக் கதைகளை எடுத்துவிட, நம் ஆளுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்தன்று என் இடுப்பில் பிஸ்டலைப் பார்ப்பீர்கள், அது எப்படிப்பட்டது என்று அப்போது சொல்கிறேன் என்று சபையில் வாயை விட்டுவிட்டார். இப்போது வெறும் இடுப்போடு போய் நின்றால் காலத்துக்கும் சம்பந்தி வீட்டில் தலைகாட்ட முடியாது.

அதனால் நாங்கள் ஸ்டேஷனுக்குப் போன அன்றைக்கு அவர் பிஸ்டலை ஒப்படைக்க வரவில்லை, விலக்கு கேட்க வந்திருந்தார். போட்டிகளில் சுடுகிறவர்களுக்கு விலக்கு உண்டு என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். மனுவை வாங்கியவர் ஏட்டம்மா ஜெசிந்தா. சிரிக்காமலேயே ஆளைக் கவிழ்க்கிறவர். நானும், இரட்டைக்குழல்காரர் செல்லக்காமுவும் எங்கள் முறைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

எந்தப் போட்டியில் சுட்டிருக்கிறீர்கள் என்று ஏட்டம்மா கேட்டார்.

"எங்கிட்டு ஏட்டம்மா சுடவிடுறாங்ய? ரைபிள் கிளப்புல என் பேரைக் குடுத்த உடனே மத்தவன்லாம் வாபஸ் வாங்கிடுறான்," என்றார் சுருளியப்பன்.

செல்லக்காமு கனைத்தார். துப்பாக்கி விஷயம் தெரிந்தவர். பொறுமையாக விளக்கினார்: இந்தக் குட்டிப் பிஸ்டல் பத்தடி தூரத்துக்குள் மேலே பாய்கிறவனுக்காகச் செய்தது. முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே நாலு விரல் இடம் கிடையாது, கை ஒரு நூல் அசைந்தால் குறி அட்டையில் ஒரு முழம் தள்ளிப் போகும். "இருபத்தஞ்சு மீட்டர்ல இதை வச்சு நின்னுக்கிட்டிருக்க லாரியைச் சுட்டாலும், படாமத் தப்பிச்சிரும் மாப்ள."

சுருளியப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். இருபத்தைந்து மீட்டரில் முதல் நாளே அஞ்சு குண்டு சுட்டாராம், அட்டையில் ஒரே ஓட்டைதானாம். மற்ற நாலும் ஆகாயத்துக்குப் போயிருக்கும் என்றார் செல்லக்காமு.

"அதையேதான் கிளப் செக்ரட்டரியும் கேட்டாரு மாமா. அட்டைக்குப் பின்னாடி மணல் மூட்டையை அவுத்துப் பார்த்தா, அஞ்சும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரேசன் கடை வரிசையாட்டம் நிக்குது. கடைசிக் குண்டுக்கு உள்ள போக இடமில்லாம வால் பாதி வெளிய தெரியுது."

ஏட்டம்மா மனுவில் எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மேலே சொல்லுங்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான அழைப்பு வேண்டாம்.

செக்ரட்டரிக்குச் சந்தேகம் தீரவில்லையாம். ஐம்பது மீட்டருக்குத் தள்ளி நிற்கச் சொல்லி, அட்டைக்குப் பதிலாக ஒரு ஏலக்காயை நூலில் கட்டித் தொங்கவிட்டாராம். எட்டு மில்லிமீட்டர் பருமன், முதல் தரம். இதைச் சொல்லும்போது மட்டும் சுருளியப்பன் குரலில் வியாபாரியின் கறார் வந்துவிட்டது. காயைச் சிதறடித்தால் தரம் கெட்டுவிடும் என்று, குண்டைத் தோலில் மட்டும் உரசவிட்டாராம். தோல் மூன்றாகப் பிரிந்து தொங்க, உள்ளே இருந்த விதையெல்லாம் கீழே வைத்திருந்த தட்டில் அலுங்காமல் விழுந்ததாம். அன்றைக்குக் கிளப்பில் எல்லாருக்கும் அந்த ஏலக்காய் போட்டுத்தான் டீ.

டீயில் வெடிமருந்து வாடை அடித்திருக்குமே என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"லேசா அடிச்சுச்சு பங்காளி. அதான் ரெண்டாவது காய்க்குத் தூரத்தைக் கூட்டிட்டேன்."

எவ்வளவு என்று கேட்டார் ஏட்டம்மா. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சுருளியப்பன் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். நூறு என்று சொல்லத்தான் வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். செல்லக்காமுவின் இளிப்பைப் பார்த்ததும் இருநூறு என்றார்.

செல்லக்காமு தொடையைத் தட்டினார். அந்தக் குழலிலிருந்து கிளம்புகிற குண்டு இருநூறு மீட்டரில் எங்கே கிடக்கும் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது, பாதி வழியில் தொங்கிப்போகும் என்றார். ஆச்சரியம், சுருளியப்பன் அதை அப்படியே ஒப்புக்கொண்டார்.

"நெசந்தான் மாமா. பாதியில திணறிருச்சு. என் கண்ணாலயே பார்த்தேன். நம்ம போடிமெட்டு பஸ்ஸு ஏத்தத்துல நின்டா என்ன செய்வோம்? எறங்கித் தள்ளுவோம்ல? பின்னாடியே இன்னொரு குண்டை விட்டு முட்டுக் குடுத்தேன். ரெண்டும் சேர்ந்து போய்ச் சேந்துருச்சு."

பெஞ்சே குலுங்கிற்று. உள்ளே லாக்கப்பில் இருந்தவன்கூடச் சிரித்தான். ஏட்டம்மா மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, இதெல்லாம் கிளப்பில் பார்த்தவர்கள் யாராவது எழுதிக் கொடுப்பார்களா, எழுதிக் கொடுத்தால் மனுவோடு சேர்த்து அனுப்பலாம் என்றார். சுருளியப்பன் முகம் ஒரு கணம் சுண்டிவிட்டது. கல்யாணமும் சம்பந்தியின் மீசையும் கண்முன்னால் வந்திருக்க வேண்டும். பிறகு கடைசிக் கட்டையையும் அடுப்பில் வைக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர்கள் எழுதித் தரமாட்டார்கள், பயம் என்றார். ஏனென்றால் அதற்கு அடுத்த வாரம் நடந்தது அப்படி. அவசரத்தில் பிஸ்டலை வீட்டு பீரோவிலேயே வைத்துவிட்டு வெறும் கையோடு கிளப்புக்குப் போய்விட்டாராம். நடுவில் பதினைந்து கிலோமீட்டர். எல்லாரும் கேலி பேசியதில் ரோஷம் வந்து, அட்டைக்கு நேராகக் கையை நீட்டி, கண்ணை மூடி, வீட்டிலிருக்கிற பிஸ்டலை மனதில் நினைத்து, விரலை மட்டும் மடக்கினாராம்.

"கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. தூரம் இருக்குல்ல. அப்புறம் சொய்ங்குனு ஒரு சத்தம். அட்டையில பார்த்தா நட்டநடுவுல ஓட்டை. அடுத்த நிமிசம் போன்ல எம் பொண்டாட்டி நாகம்மா. ஏங்க, பீரோக் கதவுல என்னமோ ஓட்டை விழுந்திருக்குன்னு."

"அது கதவுப் பிடி கழண்டு விழுந்த ஓட்டைல்ல?" என்றார் செல்லக்காமு. "நாந்தானே தச்சரைக் கூட்டியாந்தேன்."

"பிடி எதுனால மாமா கழண்டுச்சு?" என்று திருப்பிக் கேட்டார் சுருளியப்பன்.

ஏட்டம்மா எழுந்தார். சுருளியப்பனைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். எனக்கே ஒரு கணம் விலக்கு கிடைத்துவிட்டதோ என்று தோன்றியது.

"அப்ப பிஸ்டல் கையில இருக்கணும்னு அவசியமே இல்லையாய்யா?"

"இல்லவே இல்ல ஏட்டம்மா."

"எங்க இருந்தாலும் சுடும்?"

"எங்க இருந்தாலும்."

"அப்ப இங்கயே இருக்கட்டும். மண்டபம் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு. ஏதாவது ஆபத்துன்னா அங்கிருந்து விரலை மடக்குங்க. அன்னிக்கு லாக்கர் கதவை நான் திறந்தே வைக்கிறேன், அதுலயும் ஓட்டை விழுந்துறக் கூடாது."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சுருளியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து உறையோடு பிஸ்டலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "சம்பந்திகிட்டச் சொல்லிட்டேம்மா," என்றார் மெதுவாக. அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் புளுகு கிடையாது. எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏட்டம்மா பிஸ்டலை எடுத்துக்கொண்டு உறையை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். சட்டம் துப்பாக்கிக்குத்தான், தோல் உறைக்கு இல்லை என்றார். சுருளியப்பன் கையோடு கொண்டுவந்திருந்த கல்யாணப் பத்திரிகையை ஏட்டம்மாவிடம் நீட்டிவிட்டு வெளியே போனார்.

கல்யாணத்தன்று பட்டு வேட்டிக்குமேல் அந்த உறையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். உள்ளே என்ன திணித்திருந்தாரோ, புடைப்பாகத்தான் இருந்தது. முதல் பந்தியில் நானும் ஏட்டம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சம்பந்தி மீசையை நீவிக்கொண்டே விசாரிக்க வந்தார். பக்கத்தில் நின்ற சுருளியப்பனின் உறைமேல் நேராகக் கையை வைத்தார். திறந்தால் உள்ளே சுருட்டிய கைக்குட்டை.

"எங்கே சம்பந்தி பிஸ்டலு?"

சுற்றியிருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். சுருளியப்பன் வாயைத் திறந்தார். அவரைத் தெரிந்த நாளிலிருந்து முதல்முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. மணவறையிலிருந்து மகள் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏட்டம்மா பாயசத்தை உறிஞ்சிவிட்டு நிதானமாக நிமிர்ந்தார்.

"அவரு பிஸ்டலாய்யா? ஸ்டேஷன்ல காவலுக்கு வச்சிட்டு வந்திருக்கோம். ஆள் யாரும் அங்க இல்ல, அது ஒண்ணே போதும்னு எல்லாரும் சாப்பிட வந்துட்டோம். முந்தாநாள் ராத்திரி ஒருத்தன் திருட வந்து, அதைப் பார்த்துட்டு வாசல்லயே கையைத் தூக்கிட்டு நின்னுருக்கான். காலையில நாங்க போய்த்தான் கையை இறக்கிவிட்டோம். தானா இறங்கல."

காக்கிச் சட்டை சொன்னால் அதற்கு ஒரு எடை இருக்கிறது. பட்டாளத்துக்காரர் மீசையிலிருந்து கையை எடுத்தார். உறையைத் தன் கையாலேயே மூடிவிட்டு, சுருளியப்பனை ஒரு மாதிரி பயபக்தியோடு பார்த்துவிட்டு நகர்ந்தார்.

சுருளியப்பன் என் இலைப் பக்கமாகக் குனிந்து காதருகே வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"போலீஸ்ல இருந்துக்கிட்டு இந்தம்மா இப்படிப் புளுகலாமா பங்காளி?" என்றார்.