எந்த வருஷத்து வெயில்

“இதோட மூணு தடவை திருப்பிட்டிய டீச்சர். இந்தக் குறிப்புல அப்படி என்ன குறை?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

உப்பளத்து ஊர் ஒன்றில் முப்பது வருஷம் வெப்பமானி பார்த்து எழுதியவர் அவர். இப்போது அந்த அளவுகளைக் கணினியில் ஏற்றி, விளக்கக் குறிப்பு எழுதப் பழகிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொடுத்த செலினா அவரைவிட இருபது வயது இளையவர்.

செலினா தாளை வாசித்தார்.

‘கடும் வெயில் நாள்: தொண்ணூறாம் சதமானத்தைத் தாண்டிய நாள். எல்லை 37.6 டிகிரி.’

“சதமானம்னா என்ன அண்ணாச்சி?”

“நூறு நாளை வெயில் ஏறுற வரிசையில நிறுத்தணும். தொண்ணூறாவது நாள்தான் எல்லை. அதுக்கு மேல உள்ள பத்து நாளும் கடும் வெயில்.”

“எந்த நூறு நாள்?”

“இது என்ன கேள்வி? நாள்னா நாள்தான்.”

செலினா எழுந்தார். அலமாரியிலிருந்து 1974-ஆம் வருஷத்துப் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“போன மே மாசம் உங்க தங்கச்சி உப்பளத்துல மயங்கி விழுந்த அன்னைக்கு வெயில் எவ்வளவு?”

“முப்பத்தேழு புள்ளி ரெண்டு. நான்தான் எழுதுனேன். எல்லைக்குக் கீழ. அதனால எச்சரிக்கையும் வரல, வேலையும் நிக்கல.”

“அந்த அளவைத் தொட்ட நாள் இதுல மே மாசத்துல எத்தனை இருக்குன்னு பாருங்க.”

ஆவுடையப்பன் பக்கங்களைப் புரட்டினார். நீல மையில் யாரோ குண்டு குண்டாக எழுதியிருந்தார்கள்.

மே மாதம் முழுக்க ஒரே ஒரு நாள். விரல் அங்கேயே நின்றது.

“இந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கு டீச்சர்.”

குரல் இறங்கிவிட்டது.

“எனக்கு எட்டு வயசு. தங்கச்சி இசக்கிக்கு ஆறு. இது என்ன வெயிலுன்னு கங்காணி உச்சிக்கு முன்னாலயே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அம்மா பகல்ல வீட்டுல இருந்து நாங்க பார்த்ததே இல்ல. ஓலைப் பட்டையில பதநீர் குடிச்சோம். அம்மா இசக்கியை மடியில போட்டுச் சாயங்காலம் வரைக்கும் பேன் பார்த்தா. நான் பக்கத்துலயே படுத்துக் கிடந்தேன். அந்த மாதிரி ஒரு பகல் அப்புறம் வரவே இல்ல.”

பதிவேட்டை மூடிவிட்டுத் தன் தாளைக் கையில் எடுத்தார்.

“டீச்சர், என் குறிப்புல உள்ள எல்லை எந்த வருஷங்களை வச்சுப் போட்டது?”

“தொண்ணூத்தொண்ணுலருந்து ரெண்டாயிரத்து இருபது வரைக்கும்.”

“அதுக்கு முந்தின முப்பது வருஷத்தை வச்சா?”

“முப்பத்தாறு புள்ளி எட்டு.”

“அப்போ முப்பத்தேழு புள்ளி ரெண்டு…”

ஆவுடையப்பன் பேனாவை எடுத்தார். இரண்டு எல்லைகளையும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் வருஷங்களைக் குறித்தார்.

செலினா கையெழுத்துப் போட்டார்.

ஆவுடையப்பன் வாசலுக்குப் போய் போன் போட்டார்.

“இசக்கி, சாதாரண வெயிலுக்கே விழுந்துட்டேன், உடம்பு போச்சுன்னு அழுதியே. அது சாதாரண நாள் இல்லட்டி. அம்மா காலத்துல அந்த வெயிலுக்கு உப்பளத்தையே அடைச்சிருப்பாவ.”