வெள்ளைத்தாயி வீட்டுல இடம் இல்ல

ஒரு ஊர்ல ஒரு வெள்ளைத்தாயி இருந்தா. என்னட்டி சிரிப்பு? ராஜா இருந்தாத்தான் கதையா? வெள்ளைத்தாயி இருந்தா, அவ புருஷன் சுடலை இருந்தான், ஒரே மக முத்துப்பேச்சி இருந்தா. ம் கொட்டு. கொட்டலன்னா பெரியம்மா நிறுத்திப்புடுவேன்.

"ம்."

ஆங். அந்த வெள்ளைத்தாயிக்கு எதையாவது எடுத்து வச்சுக்கிட்டே இருக்கணும். இல்லன்னா கை அரிக்கும். அதுவும் சும்மா வைக்க மாட்டா. நெல்லுன்னா குதிர்ல கொட்டி வைக்கணும். புளின்னா உப்பு போட்டுப் பானையில அடைச்சு வைக்கணும். பாத்திரத்த அடுக்கி வைக்கணும். சுக்க முந்தானையில முடிஞ்சு வைக்கணும். கருப்பட்டிய சுடலை கண்ணுல படாம ஒளிச்சு வைக்கணும். யாராவது மாத்திச் சொன்னா பொல்லாத கோவம் வந்துரும். ஒரு நாளு சுடலை வாய் தவறி, புளிய எங்க அடுக்கி வச்சிருக்கன்னு கேட்டுப்புட்டான். அன்னைக்குப் பூரா அவனுக்குச் சோறு இல்ல. புளிய எவனாவது அடுக்குவானா?

எதுக்கு இம்புட்டும்? எல்லாம் முத்துப்பேச்சிக்குத்தான். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான? அப்போ மகளுக்கு ஒரு குறையும் வந்துறக் கூடாது. அதனால மக பொறந்த அன்னைக்கே சேக்க ஆரம்பிச்சுட்டா. தொட்டில்ல கால ஆட்டிக்கிட்டுக் கெடக்குற பிள்ளையப் பாத்துக்கிட்டே, அதோட பேறுகாலத்துக்குப் பெருங்காயம் வாங்கி வச்சவ அவ.

அப்புறம் வீடு நெறைஞ்சு போச்சு. உக்கார இடம் இல்ல. சுடலையச் சுவத்துல சாத்தி வச்சா. நின்னுக்கிட்டே தூங்குனான். அப்புறம் அந்தச் சுவரும் வேணும்னுட்டா. ஆளத் தூக்கி உறியில வச்சுட்டா. தயிர்ப்பானை கயித்துல தொங்குமே, அதுல. கொர்ருனு அவன் கொறட்டை விட்டா உறி கிரீச் கிரீச்னு ஆடும். அந்த மனுஷனுக்கு அது புடிச்சுப் போச்சு, அத விடு.

சாமான் எல்லாம் வாங்கியாச்சு, ஆசை மட்டும் தீரல. மக மழைக்காலத்துல பெத்தா துணி காயாதேன்னு, வெயில ஊறுகாய் ஜாடியில புடிச்சு வச்சா. மத்தியானம் ஜாடியத் தொறந்து வைப்பா, நெறைஞ்சதும் டப்புனு மூடி, வாயில துணியச் சுத்தி வேடு கட்டிருவா. அப்புறம் தனக்குத் தொண்டை கட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு யோசிச்சா. தகர டப்பாவுக்குள்ள மூஞ்சிய விட்டு ஆராரோ ஆரிராரோன்னு பாடி, டப்பு டப்புனு மூடி வச்சா.

"பாட்டு கெட்டுப் போகாதா?"

கெடாது. வேப்பிலை போட்டு வச்சா.

"ம்."

அப்போ ஒரு நாளு சாயங்காலம், மழை சோன்னு ஊத்துது. கட்டிக் கொடுத்த ஊர்ல இருந்து முத்துப்பேச்சி நெறமாசமா வந்து எறங்குனா. வாசல்ல கால வைக்கப் போனா, கால் வைக்க இடம் இல்ல. கதவுக்கும் புளிப்பானைக்கும் நடுவுல ஒரு பல்லி போகலாம். அதுவும் ஒல்லிப் பல்லி. நனைஞ்சுக்கிட்டு நின்ன எடத்துலயே அவளுக்கு வலி வந்துருச்சு.

வெள்ளைத்தாயி பதறிப் போயி, செத்த பொறுடி, இந்தா ஒதுக்கிடுதேன்னா. அப்போ வயித்துக்குள்ள இருந்து ஒரு சின்னக் குரல்.

"ஆச்சி, இடம் இருக்கா?"

அவ புளிப்பானை மேல புளிப்பானைய ஏத்துனா. ஒரு சாண் இடம் கெடைச்சுது. இருக்குடா, வான்னா. குழந்தை மெல்ல எட்டிப் பாத்துச்சு போல. "காணாது ஆச்சி, பத்தாது"ன்னு சொல்லிட்டு, சர்ருனு மேல ஏறிக்கிச்சு. முத்துப்பேச்சி பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்குதா.

அப்புறம் ரெண்டாந்தடவை, "ஆச்சி, இடம் இருக்கா?" இவ சுடலைய உறியில இருந்து எறக்கிட்டு, தகர டப்பாவ எல்லாம் அதுல ஏத்துனா. உறிக் கயிறு பட்டுனு அறுந்துச்சு. டம டம டமன்னு டப்பா பூராம் உருண்டு, மூடி தெறிச்சு, அத்தனை தாலாட்டும் ஒண்ணாக் கெளம்பிருச்சு. தெருவே தூங்கிப் போச்சு. ஓட்டமா ஓடி வந்த மருத்துவச்சி கூட வாசப்படியில தலைய வச்சுப் படுத்துட்டா. இருந்த ஒரு சாண் இடத்துலயும் இப்போ டப்பா. குழந்தை "காணாது ஆச்சி"ன்னு மறுபடி மேல ஏறிக்கிச்சு.

"ம்... அப்புறம்?"

அப்புறம் முத்துப்பேச்சிக்கு நிக்க முடியல. கதவப் புடிச்சுக்கிட்டே சரிஞ்சா. அவ கத்தல. மெதுவாத்தான் சொன்னா.

"எம்மா, எனக்காகத்தான இம்புட்டும் சேத்த? எனக்குப் படுக்கத்தான் இடம் இல்லம்மா."

வெள்ளைத்தாயி மக மூஞ்சிய நிமிந்து பாத்தா. மக செத்துப் போயிருவாளோன்னு அப்பத்தான் பயந்தா. அது வரைக்கும் மகளுக்கு மெளகு காணுமா சீரகம் காணுமான்னுதான் பயந்திருக்கா, பாவி.

அவ்ளோதான். குதிருக்கு அடியில துணி அடைச்ச ஓட்டை ஒண்ணு இருக்கும்லா, அந்தத் துணியப் புடுங்குனா. கொட கொட கொடன்னு நெல்லு வாசல் வழியாத் தெருவுக்கு ஓடுச்சு. புளிப்பானைய உருட்டுனா. பாத்திரத்த வீசுனா, டங்கு டங்குன்னு. அந்தச் சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க முழிச்சு, கெடைச்சத அள்ளிக்கிட்டுப் போனாங்க. இவ வேண்டாங்கல. ஜாடி ஒடைஞ்சு வெயில் வெளிய வந்து, மழைக்கு நடுவுல பளீர்னு அடிச்சுது. கோழி எல்லாம் குழம்பிப் போயிக் கூவுச்சு. சுடலை மட்டும் கருப்பட்டிய ஒரு கடி கடிச்சுட்டுத்தான் வீசுனான்.

வீட்டுக்குள்ள ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு பாய். முத்துப்பேச்சியப் படுக்க வச்சா.

"ஆச்சி, இடம் இருக்கா?"

"வீடு பூராம் உனக்குத்தான்யா. வா."

குவா குவா குவான்னு வந்துருச்சு. மருத்துவச்சி இன்னும் வாசப்படியில கொறட்டை விடுதா. வெள்ளைத்தாயிதான் ரெண்டு கையாலயும் ஏந்துனா. முத்துப்பேச்சி கண்ணத் தொறந்து, குழந்தையப் பாத்து, அம்மாவப் பாத்து, லேசாச் சிரிச்சா. சுடலை பக்கத்துல வந்து நின்னு, வெறும் வீட்டச் சுத்திப் பாத்தான்.

"இத எங்க வைக்கப் போற?"

வெள்ளைத்தாயி பிள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. விடிஞ்சுது, வெயில் ஏறுச்சு, கை ரெண்டும் மரத்துப் போச்சு. குழந்தைய அவ கீழ வைக்கவே இல்ல.

ம் கொட்டுட்டி.

சரி, சரி. கதை காலி, மிச்சம் மீதி கெடையாது. தூங்கு.