அங்கியில் மாட்டிய கயிறு

எந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஏதோ ஒரு மருத்துவக் கல்லூரி. அங்கே உடலியங்கியல் துறையில் பெருக்கித் துடைப்பவள் உலகம்மாள். அவள் புருஷன் மாசாணமும் அங்கேதான் எடுபிடியாக இருந்தான். மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் பேராசிரியர் தணிகாசலம் அவனை டிரெட்மில்லில் ஓடவிட்டார். ஓடியபடியே விழுந்து செத்தான். நெஞ்சுவலியை மறைத்துவிட்டான் என்று அவன்மேலேயே பழியைப் போட்டுக் கதையை முடித்தார்கள்.

இப்போது அதே மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். ஓடிக்காட்ட ஆள் வேண்டும்.

"ஏறும்மா. நான் சொல்றவரைக்கும் நிக்கக் கூடாது. நின்னா நாளைக்கு வேலைக்கு வராதே," என்றார் தணிகாசலம்.

"சரிங்க சார்."

அந்த எந்திரத்தில் ஒரு கயிறு உண்டு. ஓடுகிறவர் உடுப்பில் அதை மாட்டிவிடுவார்கள். ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு எந்திரம் நின்றுவிடும். தணிகாசலம் குனிந்து வேகத்தை வைக்கும்போது, உலகம்மாள் அதை அவருடைய வெள்ளை அங்கியில் மாட்டிவிட்டாள்.

அவள் ஓடினாள். போன் அடித்ததும் அவர் வழக்கம்போல வராந்தாவுக்குக் கிளம்பினார். எந்திரம் நின்றது.

"யாரைக் கேட்டு நின்னே?"

"நான் எங்கே நின்னேன்? நீங்க கிளம்பினீங்க, அது நின்னுடுச்சு."

அங்கியில் தொங்கிய கயிற்றைப் பார்த்து மாணவர்கள் சிரித்தார்கள்.

"அறிவில்லே? இதை யார்மேல மாட்டணும்னு தெரியாது?"

"எங்க வீட்டுக்காரர்மேல மாட்டினப்போ, அவர் விழுந்த பிறகுதான் நின்னுச்சு சார். உங்கமேல மாட்டினா நீங்க வெளியே போகும்போதே நின்னுடுமே."

சிரிப்பு அடங்கிவிட்டது.

தேர்வாளர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "அவர் விழுந்த அன்னிக்கும் சார் வெளியேதான் இருந்தாரா?"

முன்னால் நின்ற மாணவி தலை நிமிராமல் சொன்னாள்: "ஆமா சார். தான் வர்றவரைக்கும் யாரும் ஸ்விட்சைத் தொடக் கூடாதுன்னுட்டுப் போனார்."